பாலேப் பாவாடை ஏன் குட்டையானது, ஏன் தட்டையானது: டூட்டூவின் கதை

'ஜிசெல்' பாலேயின் படம் ஒன்றைப் பார்த்தால், ஆடுபவரின் பாவாடை கெண்டைக்கால் வரை புகை போல இறங்கியிருக்கும். 'ஸ்வான் லேக்' படத்தில் அது இடுப்பில் செருகிய சாப்பாட்டுத் தட்டு மாதிரி நேராக நீட்டிக்கொண்டு நிற்கும். இரண்டுக்கும் பெயர் டூட்டூ. குழந்தைகளின் பிறந்தநாளுக்கு நெட் துணியை அடுக்கடுக்காக வைத்துத் தைத்த ஃபிராக்குக்கும் கடைக்காரர் அதே பெயரைத்தான் சொல்கிறார். (துட்டு என்று படித்துவிட வேண்டாம். நிஜமான டூட்டூவுக்கு அதுவும் நிறைய வேண்டும் என்பது வேறு விஷயம்.)

ஒரே சொல் இத்தனை உருவத்துக்கு எப்படிப் பொருந்துகிறது? பாவாடையையே பார்த்துக்கொண்டிருந்தால் விடை கிடைக்காது. கீழே காலைப் பார்க்க வேண்டும். கால் புதிதாக ஒரு வித்தை கற்றுக்கொண்ட ஒவ்வொரு முறையும் பாவாடை வழிவிட்டு மேலே ஏறியிருக்கிறது. ஏறிய பாவாடை எந்த வடிவத்தில் நிற்கும் என்பதை அந்தந்தக் காலத்துத் துணியும் மேடை விளக்கும் தீர்மானித்தன.

## முதலில் சில சொற்கள்

பேச்சு வழக்கில் டூட்டூ என்றால் பாவாடை. பாலே தையற்கூடத்தில் அது முழு உடை. அதன் பாகங்கள் நான்கு:

1. மேற்சட்டை. ரவிக்கை போல உடம்போடு ஒட்டியது. ஆனால் மூச்சு வாங்கவும் முதுகு வளையவும் இடம் தர வேண்டும்.
2. இடுப்புப் பட்டை. இடுப்பு மடிப்பிலிருந்து இடுப்பெலும்பு வரை இறுக்கிப் பிடிக்கும் பகுதி. பாவாடையின் பாரம் முழுவதும் இதில்தான் தொங்குகிறது.
3. உள்ளே அணியும் ஜட்டி. குட்டை டூட்டூவில் நெட் அடுக்குகள் இதன் மேல்தான் தைக்கப்படுகின்றன. நீள டூட்டூவுக்கு இந்த ஏற்பாடு தேவையில்லை.
4. நெட் அடுக்குகள். நம் ஊர்த் தையல்காரர்கள் பாவாடை 'கும்' என்று நிற்க உள்ளே வைக்கும் கேன்கேன் துணிக்கு நெருங்கிய உறவு.

பெயர் வந்த வழி கொஞ்சம் வெட்கமானது. பிரெஞ்சுக்காரர்கள் குழந்தைகளிடம் 'பின்புறம்' என்று சொல்லும் செல்லச் சொல் ஒன்று உண்டு. அது திரிந்துதான் 'டூட்டூ' ஆனது என்பது பரவலான விளக்கம். ஜட்டியோடு சேர்த்துத் தைத்த உள்பாவாடைக்குத்தான் முதலில் அந்தப் பெயர் என்றால் பொருத்தமாகத்தான் இருக்கிறது. நெட் துணியின் பிரெஞ்சுப் பெயரிலிருந்து வந்தது என்றும் ஒரு கட்சி. எப்படியானாலும் சொல் எழுத்தில் ஏறியது 1880-களில்தான். உடை அதற்கு ஐம்பது வருடம் மூத்தது.

## குட்டைப் பாவாடை முதலில் ஆண்களுடையது

பாலே பிரெஞ்சு அரண்மனையில் வளர்ந்த கலை. பதினான்காம் லூயி 1661-ல் நடனத்துக்கென்று ஒரு கழகமே நிறுவினார். அவரே மேடையேறி ஆடியவர். பாரிஸ் ஓபரா மேடையில் தொழில்முறைப் பெண் கலைஞர்கள் ஆட வந்தது 1681-ல். வந்தவர்கள் அரசவைப் பெண்களின் உடையோடு வந்தார்கள். அதன் பிறகு அரசவை மோஸ்தர் மாற மாற மேடையும் மாறியது: தரையைத் தொடும் பாவாடை, அதை இரண்டு பக்கமும் கூடை கவிழ்த்தது போல விரிக்கும் சட்டம், குதிகால் வைத்த செருப்பு. அந்த உடையில் நடக்கலாம், திரும்பலாம், வணங்கலாம். துள்ள முடியாது. துள்ளினாலும் யாருக்கும் தெரியாது.

அதே மேடையில் ஆண்கள் கட்டியது 'டொன்லே'. வளையமும் கஞ்சியும் கொடுத்து விறைப்பாக்கிய, தொடையைச் சுற்றிக் குடை போல விரிந்து நிற்கும் குட்டைப் பாவாடை. 18-ம் நூற்றாண்டுச் சித்திரங்களில் அதைப் பார்த்தால் இன்றைய டூட்டூ உடனே நினைவுக்கு வரும். காரணமும் ஒன்றேதான். அன்றைக்குக் கால்வித்தை ஆண்களின் சொத்து. அதைக் காட்டும் உடையும் அவர்களிடம் இருந்தது.

இந்தக் கணக்கைக் கலைத்தவர் மேரி கமார்கோ. பிரசல்ஸில் பிறந்து 1726-ல் பாரிஸ் மேடைக்கு வந்தவர். ஆண்கள் ஆடிவந்த துள்ளல்களை அவர் ஆடினார். காற்றில் எழும்பி, இறங்குவதற்குள் பாதங்களைக் குறுக்கும் நெடுக்குமாக மாற்றும் அடவு அவர் பேரோடு சேர்ந்தே பேசப்படுகிறது. அந்தப் பாதம் தெரிய வேண்டுமே. பாவாடையைக் கணுக்காலுக்கு மேல் ஏற்றினார். இன்றைய கண்ணுக்கு அது விரல்கடை அளவு மாற்றம். அன்றைக்கு ஊர் பேசியது.

பிறகு 1760-ல் நடன ஆசிரியர் நோவேர், கூடைச் சட்டம், டொன்லே, முகமூடி மூன்றையும் தூக்கி எறியச் சொல்லிப் புத்தகமே எழுதினார். பிரெஞ்சுப் புரட்சி வந்து அரசவையே போனபோது அவர் கேட்டதில் பெரும்பகுதி தானாக நடந்தது. கிரேக்கச் சிலையைப் பார்த்துத் தைத்த மெல்லிய மஸ்லின் உடை, தட்டையான செருப்பு, காலோடு ஒட்டிய கால்சட்டை. உடம்பு விடுதலையானது. டூட்டூ பிறக்க இன்னும் மூன்று சாமான்கள் சேர வேண்டியிருந்தது.

## 1832: மூன்றும் சேர்ந்த இரவு

1832 மார்ச் 12. பாரிஸ் ஓபராவில் 'லா சில்ஃபீட்'. மனிதனைக் காதலிக்கும் காற்றுத் தேவதையாக மேரி டாக்லியோனி. நடனம் அமைத்தவர் அவருடைய தந்தை ஃபிலிப்போ. இறுக்கமான வெள்ளை மேற்சட்டை, தோள் தெரியும் கழுத்து, கெண்டைக்கால் நடுவில் முடியும் மணி வடிவ வெள்ளைப் பாவாடை. வடிவமைத்தவர் ஓவியர் யூஜீன் லாமி என்று சொல்வது வழக்கம். இன்று ரொமான்டிக் டூட்டூ என்று அழைக்கப்படும் உருவம் அந்த இரவில்தான் நிலைபெற்றது. சேர்ந்த மூன்று இவை:

1. இயந்திர நெட். கையால் பின்னிய லேஸ் பணக்காரர்களின் சரக்கு. இங்கிலாந்தின் ஜான் ஹீத்கோட் 1809-ல் அறுகோணக் கண்ணிகள் கொண்ட வலைத்துணியை நெய்யும் இயந்திரத்துக்குக் காப்புரிமை வாங்கினார். 1816-ல் லஃப்பரோவில் இருந்த அவருடைய ஆலைக்குள் லடைட் கூட்டம் (இயந்திரங்களை எதிர்த்த தொழிலாளர்கள்) புகுந்து இயந்திரங்களை நொறுக்கியது. அவர் டெவனுக்கு இடம் மாறினார். கைத்தறிக்கும் விசைத்தறிக்கும் நடந்த சண்டையை அறிந்தவர்களுக்கு இதில் வியப்பு இருக்காது. கொசுவலைக்கும் மணப்பெண் முக்காட்டுக்கும் பயன்பட்ட அந்த வகைத் துணிகள் நாடகக்காரர்களுக்கும் எட்டும் விலைக்கு வந்தன. கூடவே 'டார்லட்டான்' என்ற, கஞ்சி போட்டு விறைப்பாக்கிய இளக நெசவுப் பருத்தியும் பாவாடைக்கு வந்தது.

2. எரிவாயு விளக்கு. பாரிஸ் ஓபரா 1822-ல் எரிவாயு விளக்குக்கு மாறியது. மெழுகுவர்த்தி போல அல்லாமல் திருகி ஏற்றலாம், இறக்கலாம். நீலம் கலந்த மங்கல் வெளிச்சத்தில் வெள்ளை நெட் தானே ஒளிர்வது போலத் தோன்றும். இரண்டு அடுக்குகளுக்கு நடுவில் ஒளி மாட்டிக்கொண்டு வெளியே வர வழி தேடுவது போல இருக்கும். பேயும் தேவதையும் அந்தக் காலத்து பாலேயில் கூட்டம் கூட்டமாக நுழைந்ததில் இந்த விளக்குக்குப் பெரும் பங்கு உண்டு.

3. விரல் நுனி. டாக்லியோனிக்கு முன்பே சிலர் கால்விரல் நுனியில் நின்று காட்டியிருந்தார்கள். அது சர்க்கஸ் வித்தை போல இருந்தது. அவர் அதைத் தேவதையின் நடையாக்கினார். செருப்பு வெறும் சாட்டின். ஓரத்திலும் நுனியிலும் ஊசித் தையல் போட்டு உறுதிப்படுத்தியது, அவ்வளவுதான். பாதம் தரையைத் தொட்டும் தொடாமல் போவதைப் பார்க்க வேண்டுமானால் பாவாடை கணுக்காலை விட்டு நன்றாக மேலேறியாக வேண்டும். கெண்டைக்கால் போதும். முழங்காலுக்கு மேலே காட்ட அன்று எதுவும் இல்லை.

1841-ல் வந்த 'ஜிசெல்' இதே உடையை ஒரு முழுக் கூட்டத்துக்கு மாட்டியது. திருமணத்துக்கு முன் இறந்துபோன பெண்களின் ஆவிகள், எல்லோரும் வெள்ளையில். 'வெள்ளை பாலே' என்ற பெயரே வந்துவிட்டது.

## நெருப்பு

இந்த அழகுக்குக் கொடுத்த விலையை நடன வரலாறுகள் ஒரு பத்தியில் தாண்டிவிடுகின்றன. அது சரியில்லை.

மெல்லிய பருத்தி, அதில் முழுக்க ஓட்டைகள், அடுக்குக்கு அடுக்கு காற்று. தீ மூட்ட இதைவிடத் தோதான சாமான் கிடையாது. அதைக் கட்டிக்கொண்டு, திறந்த சுடர் எரியும் மேடை ஓரத்தில் சுழல்வதுதான் அந்தப் பெண்களின் அன்றாட வேலை. 1844 டிசம்பரில் லண்டன் ட்ரூரி லேன் அரங்கில் கிளாரா வெப்ஸ்டரின் உடையில் விளக்குத் தீ பற்றியது. சில நாளில் இறந்தார். 1861-ல் ஃபிலடெல்ஃபியாவில் ஒப்பனை அறையில் ஒருவர் உடையில் பற்றிய தீ அடுத்தவருக்குத் தாவி, கேல் குடும்பத்துச் சகோதரிகள் உட்படப் பலர் மாண்டார்கள்.

தீர்வு இல்லாமல் இல்லை. கார்டெரோன் என்பவர் படிகாரம் போன்ற உப்புகளைக் கரைத்துத் துணியை அதில் முக்கி எடுக்கும் முறையைக் கொண்டுவந்தார்; 1859-ல் பாரிஸ் ஓபராவில் அது கட்டாயம் என்று அரசாணையும் வந்தது. முக்கி எடுத்த நெட் பழுப்பேறியது, விறைத்தது, காற்றில் அசையவில்லை. காற்றுத் தேவதைக்கு அதுவா உடை? ஆடுபவர்கள் மறுத்தார்கள்.

மறுத்தவர்களில் எம்மா லிவ்ரியும் ஒருவர். 16 வயதில் 'லா சில்ஃபீட்'டில் அறிமுகமானவர். வயதான டாக்லியோனி தன் வாரிசாகவே அவரைப் பார்த்தார். அவருக்காக டாக்லியோனி அமைத்த பாலே 'வண்ணத்துப்பூச்சி', 1860. அதில் நாயகி பூச்சியாகித் தீப்பந்தத்தின் பக்கம் ஈர்க்கப்பட்டுப் போய்ச் சிறகு கருகி விழுவாள். வழக்கமான பாவாடையிலேயே ஆடுவேன், விளைவுக்குப் பொறுப்பு நானே என்று லிவ்ரி நிர்வாகத்துக்கு எழுதிக் கொடுத்திருந்தார்.

1862 நவம்பர் 15. ஓர் ஓபராவின் ஒத்திகை. அவருக்கு ஊமைப் பெண் வேடம். மேடைக்கு வருமுன் உட்கார்ந்ததில் கசங்கிய பாவாடையை உதறி விரித்தார். பக்கத்தில் இருந்த எரிவாயுச் சுடர் பற்றியது. எட்டு மாதம் படுக்கையில் கிடந்து 1863 ஜூலை 26-ல் இறந்தபோது அவருக்கு வயது இருபது. எரிந்து மிஞ்சிய துணித் துண்டுகளைப் பாரிஸ் ஓபராவின் அருங்காட்சியகம் இன்றும் வைத்திருக்கிறது.

அவருடைய பிடிவாதம் என்று இதை எழுதி முடிப்பது எளிது. ஆனால் அசையாத பாவாடையோடு ஆடினால் கைதட்டல் போகும், வேடம் போகும், பிழைப்பு போகும் என்பது அந்த வளாகத்தில் எல்லோருக்கும் தெரியும். கையெழுத்துப் போட்டவர் ஒருவர். போட வைத்தது பார்வையாளர் கூட்டம். ஆபத்து நிஜமாகக் குறைந்தது மின்விளக்கு வந்தபோதுதான். 1881-ல் திறந்த லண்டன் சவாய் அரங்கம் முழுக்க மின்விளக்கில் இயங்கியது. மற்ற அரங்குகள் ஒவ்வொன்றாக மாறின.

## இத்தாலியப் பெண்கள் வந்தார்கள், பாவாடை முழங்காலுக்கு ஏறியது

இதே காலத்தில் கால் அடுத்த பாடத்துக்குப் போய்விட்டது. மிலான் பள்ளியில் தேறிய இத்தாலியப் பெண்களிடம் எஃகு மாதிரி கணுக்கால் இருந்தது. செருப்பின் நுனியும் கெட்டியாகிவிட்டது. நுனியில் ஒரு கணம் நிற்பது போய், நுனியிலேயே சுழல்வது, தாவுவது, பல நொடி அசையாமல் நிற்பது என்று வந்தது. இந்த வித்தைக்கு விசை முழங்காலிலும் தொடையிலும் இருக்கிறது. அங்கே கெண்டைக்கால் வரை நெட் தொங்கினால் பாதி ஆட்டம் துணிக்குள் நடந்து முடிந்துவிடும்.

1885-ல் புனித பீட்டர்ஸ்பர்க்குக்கு வந்த வர்ஜீனியா சுக்கி, அங்கே விதித்திருந்த பாவாடை நீளத்தை ஏற்க மறுத்துக் குட்டையாக்கிக்கொண்டார். 'ஸ்லீப்பிங் பியூட்டி'யின் முதல் நாயகி கார்லோட்டா பிரியான்ஸாவும் (1890), 'ஸ்வான் லேக்'கின் 1895 பதிப்பில் ஆடிய பியெரீனா லெக்னானியும் இத்தாலியர்களே. லெக்னானியின் பேர்போன வித்தை ஒரே காலின் நுனியில், மற்றக் காலைச் சாட்டை போலச் சொடுக்கி, தொடர்ந்து 32 சுற்று. அந்தச் சொடுக்கு முழங்காலில் நடப்பது. பாவாடை முழங்காலுக்கு வந்தது.

ஒரு திருத்தம் இங்கே தேவை. அந்த 1895 'ஸ்வான் லேக்'கில் யாரும் தட்டு டூட்டூ கட்டவில்லை. புகைப்படங்களில் இருப்பது முழங்கால் வரை புஸ்ஸென்று விரிந்து சரியும் மணி வடிவம். கறுப்பு அன்னத்துக்குக் கறுப்பு உடை என்பதும் அன்று இல்லை. அந்த வழக்கம் 20-ம் நூற்றாண்டு நடுவில்தான் ஒட்டிக்கொண்டது. 'மரபான உடை' என்று நாம் நினைப்பதில் பாதிக்கு வயது நூறுகூட ஆகவில்லை.

பிரெஞ்சு ஓவியர் டெகாவின் படங்களில் பாரிஸ் பாலே பெண்கள் கட்டியிருப்பதும் இந்த மணிதான். அவர் 1881-ல் காட்சிக்கு வைத்த 14 வயதுப் பெண்ணின் மெழுகுச் சிலைக்கு நிஜத் துணியில் பாவாடை கட்டிவிட்டிருந்தார். அவர் இறந்த பிறகு அதைப் பார்த்து வெண்கலத்தில் பல பிரதிகள் வார்த்தார்கள். ஒவ்வொரு அருங்காட்சியகத்திலும் அந்தச் சிறுமியின் பாவாடை வேறு வேறு நீளம். ஆகவே அவளை வைத்து மட்டும் அந்தக் காலத்து நீளத்தை அளந்துவிடக் கூடாது.

ரஷ்யாவில் இது கௌரவப் பிரச்சினையாகவும் ஆனது. 1901-ல் மட்டில்டா க்ஷெசின்ஸ்கா 'கமார்கோ' என்ற பாலேயில் 18-ம் நூற்றாண்டுக் கூடைச் சட்டம் கட்ட மறுத்தார். ஏகாதிபத்திய அரங்குகளின் இயக்குநர் இளவரசர் வோல்கொன்ஸ்கி அபராதம் போட்டார். க்ஷெசின்ஸ்கா ஒரு காலத்தில் ஜார் மன்னரின் காதலி. மன்னரே அபராதத்தை ரத்து செய்தார். இயக்குநர் ராஜிநாமா செய்தார். எந்தக் கமார்கோ பாவாடையை ஏற்றினாரோ, அவர் பெயரில் அமைந்த பாலேயிலேயே பாவாடைக்காக ஒரு பதவி போனது.

## தட்டு எப்படி நிற்கிறது?

டூட்டூவை அந்தரத்தில் நிறுத்துவது கம்பி என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். கம்பிக்குச் சிறிய பங்குதான். அடிப்படை வேலை நெட்டின் அடுக்கில் இருக்கிறது.

பத்துப் பன்னிரண்டு அடுக்கு நெட். அடியில், தொடைக்குப் பக்கத்தில் வருவது சில விரற்கடை அகலமே. அதற்கு மேல் வருவது கொஞ்சம் கூடுதல். அதற்கு மேல் இன்னும் கூடுதல். உச்சியில் இருப்பதுதான் முழு அகலம். ஒவ்வொரு அடுக்கையும் அதன் சுற்றளவைவிடப் பல மடங்கு நீளத் துணியில் கொசுவிச் சுருக்கி, ஜட்டியின் மேல் வட்டம் வட்டமாகத் தைக்கிறார்கள். சுருக்கிய நெட்டுக்கு விரிந்துகொள்ளத்தான் ஆசை. இடமில்லாததால் மேலே இருப்பதைத் தள்ளும். குட்டை அடுக்கு அடுத்ததைத் தாங்க, அது அடுத்ததைத் தாங்க, கடைசி அடுக்கு படுத்த நிலையில் போய் நிற்கும். கோயில் கோபுரத்தைத் தலைகீழாகக் கவிழ்த்தால் வரும் உருவம்.

கம்பி வளையம் நடு அடுக்குகள் ஒன்றில் கோத்து வைப்பது. விளிம்பு அலைபாயாமல் தட்டை வட்டமாக வைத்திருக்க. பிறகு அடுக்குகளுக்குள் அங்கங்கே நீளமான தளர்ந்த கைத்தையல் போடுகிறார்கள். இறுக்கிப் போட்டால் பாவாடை செத்த பலகையாகும்; போடாவிட்டால் கலைந்த கூடாகும். எவ்வளவு தளர்வு என்பதில்தான் தையல்காரரின் கைராசி தெரியும். ஓர் உடைக்கு நெட் மட்டும் பத்து மீட்டரைத் தாண்டிப் போகும்.

டார்லட்டான் காலத்தில் இந்தத் தட்டு சாத்தியமாகவில்லை. கஞ்சிக்கு எதிரி வியர்வை; இரண்டு காட்சி ஆடினால் முனை தொங்கிவிடும். 1940-களுக்குப் பிறகு பரவிய நைலான் நெட் ஈரத்தில் தளர்வதில்லை. இடுப்பெலும்பிலிருந்தே நேராக நீளும் 'பான்கேக்' வடிவம் அதன் பிறகு உலகெங்கும் வழக்கமானது. பெயரே சொல்லிவிடுகிறது, தோசை.

தோசை வந்ததால் ஆட்டம் மாறிய விதம்:

1. காலின் முழுக் கோடும் தெரிகிறது. ஆகவே முழு நீளத்துக்கும் காலைத் தூக்க வேண்டியதாயிற்று. இன்றைய பாலேயில் கால் காதோரம் போவதற்கும் இதற்கும் தொடர்பு இல்லை என்று சொல்ல முடியாது.
2. மறைக்கத் துணி இல்லை. முழங்கால் மடங்கியிருந்தால், நுனி கொஞ்சம் தடுமாறினால், கடைசி வரிசைக்கும் தெரியும். இறங்கும்போது அழுத்தம் அதிகமானால் தட்டு குலுங்கிக் காட்டிக் கொடுக்கும்.
3. இணையாக ஆடும் ஆணுக்குத்தான் சிரமம். அவளுடைய பாதம் அவனுக்குத் தெரியாது, நடுவில் தட்டு. அவள் சமநிலையை இடுப்பில் வைத்த கையால் மட்டுமே உணர்ந்து பிடிக்க வேண்டும். நெட்டின் முனை கையைக் கீறும் என்பதும் உண்டு.

## தூக்கி எறியச் சொன்னவர்கள்

இதற்குள் எதிர்ப்பும் கிளம்பியிருந்தது. செருப்பும் இறுக்கிய மேற்சட்டையும் இல்லாமல் ஆடிய இசடோரா டங்கனின் வருகை ரஷ்ய இளைஞர்களைக் கலக்கியது. நடன அமைப்பாளர் மிகயீல் ஃபோக்கீனின் கேள்வி நேரடியானது: கதை எகிப்தில் நடந்தாலும் இந்தியாவில் நடந்தாலும் நாயகி மட்டும் ஏன் அதே பாவாடையில் வருகிறாள்? உடை அந்தக் கதைக்கும் காலத்துக்கும் பொருந்த வேண்டும் என்ற தன் கொள்கையை 1914 ஜூலையில் லண்டன் 'தி டைம்ஸ்' இதழுக்குக் கடிதமாகவே எழுதினார். அதற்கு முன்பே, 1910-ல், அவருடைய 'ஃபயர்பேர்ட்'டில் கார்சாவினா இறகு வைத்த தொளதொளக் கால்சட்டையில் பறவையாக ஆடிவிட்டார்.

அதே ஃபோக்கீன் 'லே சில்ஃபீட்' என்ற பாலேக்கு டாக்லியோனி காலத்து நீளப் பாவாடையைத் திரும்ப அழைத்தார். 1909-ல் பாரிஸ் அதைப் பார்த்தது. நீளப் பாவாடை அன்றிலிருந்து காலாவதியான உடை இல்லை. தேவைப்படும்போது பெட்டியிலிருந்து எடுக்கும் ஒரு சாயல்.

அன்று அதில் ஆடிய அன்னா பாவ்லோவா வழியாக இந்தக் கதை சென்னைக்கும் ஒரு கணம் வந்து போகிறது. 1920-களின் இறுதியில் அவரைச் சந்தித்த ருக்மிணி தேவி அருண்டேல், அவருடைய குழுவில் இருந்த க்ளியோ நோர்டியிடம் பாலே கற்றார்; உங்கள் நாட்டுக் கலையைத் தேடிப் பாருங்கள் என்று பாவ்லோவா சொன்னது அவரைப் பரதத்தின் பக்கம் திருப்பியது. 1935-ல் அடையாறில் அவர் மேடையேறியபோது உடையிலும் கைவைத்தார். அரைமண்டியில் விசிறி போல விரியும், அளவெடுத்துத் தைத்த மடிப்பு உடை அதன் பிறகு பரவியது. டூட்டூவின் நகல் அல்ல அது. ஆனால் கால் என்ன செய்கிறது என்று பார்த்துவிட்டுப் பிறகு துணியை வெட்டுவது என்ற யோசனை இரண்டுக்கும் பொது.

## கரின்ஸ்காவின் கத்தரி

டூட்டூவை நவீனமாக்கியவர் என்று ஒருவரைக் காட்டச் சொன்னால், என் விரல் பார்பரா கரின்ஸ்காவை நோக்கித்தான் போகும். 1886-ல் கார்கிவ் நகரில் பிறந்தவர். புரட்சிக்குப் பிறகு ரஷ்யாவை விட்டு வெளியேறிப் பாரிஸில் பாலே உடைகள் தைத்து, பின்பு நியூயார்க் வந்தவர். 1948-ல் வந்த 'ஜோன் ஆஃப் ஆர்க்' திரைப்படத்தின் உடைகளுக்காக ஆஸ்கர் விருதைப் பகிர்ந்துகொண்டவர். 1977 வரை நடன அமைப்பாளர் ஜார்ஜ் பாலன்சீனின் நியூயார்க் சிட்டி பாலே குழுவோடு இருந்தார்.

பாலன்சீனின் 'சிம்பனி இன் சி' கடைசிக் காட்சியில் ஐம்பதுக்கும் மேற்பட்டோர் மேடையில். எல்லோருக்கும் கம்பித் தட்டு கட்டிவிட்டால் என்ன ஆகும்? ஒருவர் தட்டு அடுத்தவர் தட்டில் இடிக்கும். இடித்ததும் மறுபக்கம் எழும்பும். ஐம்பது தட்டும் ஆளுக்கொரு திசையில் ஆடும். 1950-ல் கரின்ஸ்கா தந்த விடை எளிமையானது. கம்பியை எடுத்தார். அடுக்குகளை ஆறேழாகக் குறைத்தார். ஓரத்தைச் சமமாக வெட்டாமல் விட்டு, நெட்டைத் தளர்வாகத் தைத்து, தொடையின் மேல் மெல்லச் சரியவிட்டார். முகப்பவுடர் பூசும் பஞ்சு போல இருந்ததால் 'பவுடர் பஃப்' என்று பெயர் வந்தது. இடித்தாலும் பஞ்சு பஞ்சோடு இடிக்கும், அவ்வளவே. வேகமாக ஆட வைப்பதில் பாலன்சீனுக்கு இருந்த வெறிக்கு இந்த எடைகுறைந்த பாவாடைதான் ஒத்துவந்தது.

மேற்சட்டையில் அவர் செய்தது கண்ணுக்குப் படாது. சில துண்டுகளைக் கிராஸ் கட்டிங்கில் வெட்டினார். நேர் இழையில் வெட்டிய துணி இழுபடாது. குறுக்கு வாட்டத்தில் வெட்டியது விலாவோடு விரிந்து சுருங்கும். ரவிக்கை தைக்கும் எந்த அக்காவும் இதை ஒரு வாக்கியத்தில் விளக்கிவிடுவார். நுனியில் நின்று மூச்சு வாங்கும் பெண்ணுக்கு அதன் அருமை தெரியும்.

## மேடையில் எதை வைத்து அடையாளம் காண்பது?

1. கெண்டைக்கால் வரை, மென்மை, அடுக்கு குறைவு: ரொமான்டிக். 'ஜிசெல்' இரண்டாம் அங்கம், 'லா சில்ஃபீட்'.
2. முழங்காலை ஒட்டி, கீழ்நோக்கிச் சரிந்த மணி: டெகா காலம். இன்று பழைய பதிப்புகளை மீட்டெடுக்கும் குழுக்கள் கட்டுவது.
3. இடுப்பெலும்பிலிருந்து நேராக, கம்பியோடு: பான்கேக். மேல் தட்டில் ஜரிகையும் கல்லும் பதித்திருக்கும். 'ஸ்வான் லேக்', 'ஸ்லீப்பிங் பியூட்டி' இன்றைய மேடைகளில்.
4. குட்டை, கம்பி இல்லை, ஓரம் கலைந்தது: பவுடர் பஃப்.

இந்த நான்கிலும் சேராத குறும்புகள் உண்டு. 1996-ல் வில்லியம் ஃபோர்சைத்தின் ஒரு பாலேக்கு ஸ்டீஃபன் கேலோவே எலுமிச்சைப் பச்சையில் சுருக்கமே இல்லாத வட்டத் தகடு ஒன்றைப் பெண்களின் இடுப்பில் மாட்டினார்; பாவாடையை நீக்கிவிட்டு அதன் வடிவத்தை மட்டும் வைத்தது போல. 1974-ல் நியூயார்க்கில் தொடங்கிய 'ட்ராக்கடேரோ' குழுவில் ஆண்களே டூட்டூவும் நுனிச் செருப்பும் போட்டு ஆடுகிறார்கள். சிரிப்பதற்காகப் போகிறவர்கள் அவர்கள் 32 சுற்றையும் சுற்றி முடிக்கும்போது சிரிப்பை நிறுத்திவிடுகிறார்கள். டொன்லே கட்டிய பாட்டனார்களுக்கு இதில் வியப்பு இருந்திருக்காது.

அரங்கத்தின் பின்கட்டில் டூட்டூவைப் பாவாடை மேலே வரும்படி தலைகீழாகத் தொங்கவிட்டோ, ஒன்றன் மேல் ஒன்றாகப் படுக்க வைத்தோ பார்க்கலாம்; நேராக மாட்டினால் தட்டு தொங்கிவிடும். தண்ணீரில் நனைப்பதில்லை. ஆட்டம் முடிந்ததும் வியர்வை பட்ட இடத்தில் வோட்கா தெளித்துக் காயவைப்பது பல குழுக்களின் வழக்கம். சாராயம் வாடையை எடுத்துக்கொண்டு ஆவியாகிவிடும். முதுகில் கொக்கி இரண்டு மூன்று வரிசையாக இருக்கும், ஒரே உடை வேறு வேறு உடம்புக்குப் பொருந்த. உட்பட்டையில் அதை அணிந்தவர்களின் பெயர்கள், ஒன்றை அடித்து ஒன்றாக.

நீளத்தை வைத்துக் காலத்தைச் சொல்லிவிடலாம் என்று நினைப்பவர்களை ஏமாற்றுவது 'செரனேட்'. பாலன்சீன் அமெரிக்காவில் அமைத்த முதல் பாலே. 1952-ல் அதற்கு உடை தைத்தவர், அதற்கு இரண்டு வருடம் முன்புதான் டூட்டூவை அவ்வளவு குட்டையாக்கிய அதே கரின்ஸ்கா. வெளிர் நீலத்தில், கெண்டைக்காலுக்கும் கீழே இறங்கும் நெட் பாவாடை. அதில் கதை கிடையாது, தேவதை கிடையாது. பெண்கள் மேடையைக் குறுக்கே ஓடும்போது நெட் ஒரு கணம் பின்தங்கி, பிறகு அவர்களை எட்டிப் பிடிக்கிறது.